என் படத்தின் கடைசி இரண்டு நிமிடங்கள்

இன்று மாமல்லபுரத்தில் நடந்த குறும்பட விழாவில் எனக்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்துவிட்டார்கள். தயவுசெய்து யாரும் வாழ்த்துப் போடாதீர்கள்.

என் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லேப்டாப் ஹேங் ஆகித் திரை இருண்டுவிட்டது. கடைசி இரண்டு நிமிடங்கள் வரவேயில்லை. நான் எழுந்து ஓடுவதற்குள் அரங்கமே கைதட்டியது. அடுத்த படத்தைப் போட்டுவிட்டார்கள்.

“முடிவைச் சொல்லாமல் விட்ட துணிச்சலுக்காக” என்று நடுவர் என்னை மேடைக்கு அழைத்தார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மைக்கை வாங்கினேன். வாயில் வந்தது “நன்றி”.

அந்த இரண்டு நிமிடங்களில்தான் ஏகாம்பரம் அண்ணன் வருகிறார். சதுரங்கப்பட்டினத்து மீனவர், இதற்கு முன் நடித்ததே இல்லை. இன்று கடலுக்குப் போகாமல், குடும்பத்தில் ஒன்பது பேரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வாசலில் என் கேடயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இன்னாபா, நான் நல்லா நடிக்கலியா? வெட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வூட்ல இத்தினி பேர இட்டாந்திருக்க மாட்டேனே.”

“இல்லண்ணா, கம்ப்யூட்டர் நின்னுபோச்சு” என்றேன்.

“பரவால்ல வுடு நைனா” என்று தோளைத் தட்டினார். அவர் நம்பவில்லை. அவர் மனைவி என் முகத்தையே பார்க்கவில்லை.

அந்த இரண்டு நிமிடங்களையும் கீழே போட்டிருக்கிறேன். விருதைப் பிடுங்கினால் பிடுங்கட்டும். அண்ணன் எப்படி நடித்திருக்கிறார் என்று மட்டும் எழுதுங்கள். நாளைக்கு அவர் வீட்டில் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

பிடிக்காவிட்டால் பொய்யாவது சொல்லுங்கள். நானும் மேடையில் ஒரு பொய் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.