பூட்டுக்காரரின் இரண்டு ஞாயிறுகள்

தெருமுனைக் கட்டடத்தில், மாடிப்படிக்கு அடியில் ஏழடி அகலக் கடை. முப்பத்து நான்கு வருடமாகப் பூட்டுக்காரர் அதில் பூட்டு பழுது பார்க்கிறார். யாரிடமும் தொழில் கற்றதில்லை. இளவயதில் சாவி தொலைந்த அலமாரிப் பூட்டு ஒன்றைப் பதினோரு நாள் கழற்றிக் கழற்றி மாட்டித் தானாகவே கற்றுக்கொண்டார். தெருவில் பாதி வீட்டுக் கதவின் உட்புறம் அவருக்குத் தெரியும். அதனாலோ என்னவோ, ஒருவரையும் முழுதாக நம்பமாட்டார். தன் வீட்டை மனைவி பூட்டினால்கூட, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவார்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு மணிக்கட்டு. சட்டைப் பொத்தான் போட அவர் திணறியதை மனைவி பார்த்துவிட்டாள்.

"இது இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. வெளிய தெரிஞ்சா என்கிட்ட எவன் பூட்டைக் கொண்டு வருவான்?" என்றார்.

"நான் யார்கிட்டங்க சொல்லப் போறேன்?" என்றாள் அவள்.

அவள் ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். அவர் தங்கள் கல்யாணத்துக்குப் போனதுதான். அப்புறம் ஒருமுறை அங்கே ஒரு பூட்டைச் சரி செய்யப் போனார். அது கணக்கில் வராது.

கை நடுங்க ஆரம்பித்த பிறகு வழக்கமான மூன்று பேர் கடைக்கு வருவது நின்றது. ரொட்டிக்கடைக்காரர், பல் டாக்டர், தட்டச்சுப் பள்ளி டீச்சர். ரொட்டிக்கடைக் கிடங்கில் வேறு யாரோ மாட்டிய புதுப் பூட்டு தொங்குவதை அவரே கண்ணால் பார்த்தார். மூவரையும் இணைக்கும் இழை எதுவென்று இரண்டு நாள் யோசித்தார். மூவரும் மனைவி போகும் தேவாலயத்துக்காரர்கள்.

அந்தச் சனிக்கிழமை அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி, நாலாக மடித்து, வேதாகமத்துக்குள் வைத்தாள். அவர் அறைக்குள் வந்ததும் புத்தகத்தை மூடினாள்.

"நாளைக்கு நானும் வர்றேன்."

"எங்க?"

"சர்ச்சுக்கு."

அவள் அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். அவர் கதவோரக் கடைசி பெஞ்சைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து எல்லார் பிடரியும் தெரியும். வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆராதனையை ஒரு பூட்டைப் பார்ப்பதுபோலவே பார்த்தார். முதலில் பாட்டு. அடுத்து எல்லாரும் சேர்ந்து தங்கள் தவறுகளை ஒப்புக்கொண்டார்கள். அது அவருக்குப் பிடிபடவேயில்லை. தன் கையால் சாவியைத் தொலைத்தவன்கூடத் தொலைத்தேன் என்று சொன்னதில்லை, பூட்டின்மேல்தான் பழி போடுவான். இங்கே நூறு பேர், யாரும் கேட்காமலே, ஒரே குரலில் ஒப்புக்கொள்கிறார்கள். இதில் எத்தனை பேர் நிஜம்? மன்னிப்பின் வார்த்தைகளைப் போதகர் சொன்னார். வாசிப்பு, பிரசங்கம். அதன்பின் டீச்சர் எழுந்து, வாசல் பெட்டியில் விழுந்த ஜெபக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். பரீட்சை எழுதுகிற ஒரு பிள்ளை. வேலை போன ஒருவர். பிறகு:

"கையில வேதனையோட தொழில் செய்யற ஒரு சகோதரருக்காக."

அவருக்குக் காது சுட்டது. பட்டியல் முடிந்ததும் டீச்சர், "வாய்விட்டுச் சொல்ல முடியாததை மனசுல சொல்லுவோம்" என்றார். தேவாலயம் முழுக்க ஒரு நிமிடம் அமைதி. அந்த நிமிடம் முழுக்க அவர் மனைவியின் பிடரியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் ஆரம்பித்தார். "என் கையைப் பத்தி ஊருக்கே வாசிச்சுட்டாங்க. திருப்தியா?"

"உங்க கையா? ஐயோ, அது ரொட்டிக்கடைக்காரர்ங்க. அடுப்புல கை வெந்துடுச்சு. முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டு உங்களுக்கு முன்னாடிதானே உட்கார்ந்திருந்தார்?"

எல்லார் பிடரியையும் பார்த்தவர், கையில் போட்ட கட்டைப் பார்க்கவில்லை. ஆனாலும் விடவில்லை. "அப்போ நீ எழுதின சீட்டு?"

"பெட்டியில போடலை. வெக்கமா இருந்துச்சு." வேதாகமத்திலிருந்து எடுத்து நீட்டினாள். 'பொறுமை வேண்டும் ஒரு மனைவிக்காக' என்றிருந்தது.

"யாருக்கு எதுக்குப் பொறுமை?"

"இதோ, இதுக்குத்தான்."

அவர் பேச்சை மாற்றினார். "சரி செஞ்ச பூட்டை எவனாவது வாரா வாரம் கொண்டு வருவானா? நீங்க அதே மன்னிப்பை வாரா வாரம் கேக்கறீங்க. போன வாரம் குடுத்தது என்னாச்சு?"

"அது போன வாரத்துக்கு. இந்த வாரம் புதுசா என்னைச் சந்தேகப்பட்டீங்களே, அதுக்கு எங்க போறது?"

சந்தேகம் பாதிதான் போயிற்று. கையைப் பற்றி இவள் சொல்லவில்லை என்றால் மூன்று பேர் ஏன் போனார்கள்? அடுத்த ஞாயிறும் கிளம்பினார், கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு.

சீக்கிரமே போய்விட்டார்கள். போதகர் அங்கி மாட்டும் சிறு அறையின் கதவு பீடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன் அவர் சரி செய்த பூட்டு அதுதான். பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தார். சாவித் துவாரத்தைச் சுற்றி, பூனை பிறாண்டியதுபோல, மெல்லிய கீறல்கள். வேலை செய்த அன்று அவர் அதைக் கவனிக்கவேயில்லை. முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு கதவிலும் அவர் கருவி தடம் விட்டதில்லை. விரலால் தடவிப் பார்த்தார். இது வேறு யார் கையும் இல்லை.

ரொட்டிக்கடைக்காரர் கட்டுப் போட்ட கையோடு பெஞ்சுக்கு வந்துகொண்டிருந்தார். அவரை மறித்தார்.

"உங்க கிடங்குக் கதவும் இப்படித்தான் இருக்கா?"

ரொட்டிக்கடைக்காரர் கீறலைப் பார்த்தார், கீழே பார்த்தார். "புதுக் கதவுங்க அது. வீட்டுல சத்தம் போட்டாங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிங்க சொல்றது? அடுத்த ஆள்கிட்ட போயிட்டேன். அதுக்கப்புறம் உங்க கடை வழியா வர்றதே இல்லை. சுத்திக்கிட்டுப் போறேன்."

"டீச்சர்கிட்ட சொன்னீங்களா? டாக்டர்கிட்ட?"

"நான் எதுக்குச் சொல்லணும்? அவங்கவங்க வீட்டுலயும் கதவு இருக்கே."

மணி அடித்தது. கடைசி பெஞ்சில் ரொட்டிக்கடைக்காரர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தவறுகளை ஒப்புக்கொள்ளும் இடம் வந்ததும் பூட்டுக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார். ரொட்டிக்கடைக்காரர் கண்களை இறுக மூடியிருந்தார். எதை நினைக்கிறார் என்று தெரிந்தது. கடையைச் சுற்றிக்கொண்டு போன தெரு. எல்லாருக்கும் ஒரே வார்த்தைகள்தான், ஆனால் ஒவ்வொருவரும் அதற்குள் வேறொன்றை வைக்கிறார்கள் போலிருக்கிறது. அவரிடம் வைப்பதற்கு என்ன இருந்தது? மூன்றாவது வரிசையில் ஒரு பிடரி இருந்தது. வாயசைத்தார். சத்தம் வரவில்லை.

டீச்சர் பட்டியலை முடித்ததும் அதே அமைதி. அவர் கால்சட்டைப் பையிலிருந்து கையை எடுத்துப் பாட்டுப் புத்தகத்தின்மேல் வைத்தார். புத்தகத்தின் அட்டை பெஞ்சில் தடதடவென்று அடித்தது. அந்த அமைதியில் அது நன்றாகக் கேட்டது. யார் திரும்புகிறார்கள் என்று பார்த்தார். யாரும் திரும்பவில்லை. வேண்டுமென்றே திரும்பாமல் இருக்கிறார்களோ என்று ஒரு சந்தேகம். கையை மட்டும் எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து, வாசலில் எல்லாருக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த போதகரிடம் நேராகப் போனார். பக்கத்தில் டீச்சர் நின்றார். அவரும் கேட்கட்டும் என்று விட்டார்.

"ஐயா, அந்த ரூம் கதவைக் கீறி வச்சது நான்தான். என் கை நடுங்குது. ஒன்றரை வருஷமா. பித்தளைத் தகடு அடிச்சு மூடித் தர்றேன். முன்ன மாதிரி அரை நாள்ல முடியாது."

"அவசரமே இல்லைங்க" என்றார் போதகர். "எப்படியும் வாரா வாரம் வரத்தானே போறீங்க?"

பூட்டுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அப்படின்னு உங்களுக்கு யார் சொன்னது?"

படியில் காத்திருந்த மனைவி அவசரமாகச் சொன்னாள்: "நான் ஒண்ணும் சொல்லலைங்க!"