துண்டுக்குள் ஓர் ஏலம்

செஞ்சியிலிருந்து நேற்றுத்தான் திரும்பினேன். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் குலுக்கிய குலுக்கலில் இடுப்பு வலி இன்னும் போகவில்லை. உற்சாகமும் போகவில்லை!

அங்கே லூர்தம்மா டீச்சர் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். போன மழையில் கூரை சரிந்துவிட்டது. பிள்ளைகள் புளியமரத்தடியில் படிக்கிறார்கள். பார்வையிட வந்த இன்ஸ்பெக்டர், வரும் கோடை லீவு முடிவதற்குள் ஓடு போடாவிட்டால் அங்கீகாரம் ரத்து என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

டீச்சர் என்ன செய்தார்? ரயிலேறிப் பட்டணம் வந்து, ஒரு சினிமா நடிகரின் வீட்டு வாசலில் நின்றார். யார் அந்த நடிகர்? பெயரைச் சொன்னால் உங்கள் வீட்டில் இந்தப் பத்திரிகைப் பக்கத்துக்கு அடிதடி நடக்கும்... வேண்டாம்.

அவரும் வந்தேவிட்டார்! சந்தை மைதானம் கொள்ளாத கூட்டம். மரக்கிளை, வண்டி, சுவர் - எங்கும் தலைகள். இரண்டு பாட்டுப் பாடினார். பிறகு கழுத்து மாலையைக் கழற்றி ஏலம் விட்டார். இப்போது எல்லா ஊர்க் கூட்டங்களிலும் நிதி சேர்க்கும் வழி அதுதானே?

"ஐந்து ரூபாய்... யாராவது?"

முன்வரிசை வியாபாரிகள் ராஜகிரி மலையை அப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பவர்கள் போல அண்ணாந்து பார்த்தார்கள். டீச்சரின் கை, முந்தானையைக் கயிறாக முறுக்கியது.

மாட்டுத் தரகர் முனுசாமி மேடையில் ஏறினார்.

"ஊரே கேக்க வெல சொல்லுன்னா எவன் சொல்லுவான்? எவன் மடியில இன்னா இருக்குதுன்னு அடுத்தவனுக்குத் தெரிஞ்சிடாதா? துண்டப் போடுங்க சாமி! மாட்டுக்குன்னா வெரலுக்குப் பத்து ரூபா. மாலைக்கு ஒரு ரூபா!"

நடிகரின் கைமேல் துண்டு விழுந்தது. மாட்டுச் சந்தையில் போலவே ஒவ்வொருவராக வந்து, மற்றவர் கண்ணில் படாமல் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை சொல்ல வேண்டும். பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! நடிகரின் கையைத் தொடலாம் என்றதும் மைதானமே வரிசையில் நின்றது. அவர் ஒவ்வொருவருக்கும் சிரித்தபடி தலையாட்டி, "ரொம்ப சரி" என்றார்.

கடைசி ஆளும் இறங்கியதும் தரகர் கேட்டார்:

"மால யாருக்குங்க?"

"அதை நீங்களல்லவா சொல்ல வேண்டும்?"

"நீங்க யாருக்குத் தலையாட்டினீங்க?"

"எல்லோருக்கும்தான்!"

"கெட்டுது போ! ஒரே மாட்ட ஊருக்கே வித்துட்டாரே!" என்று தரகர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

சந்தையில் தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். பட்டணத்து நடிகருக்கு அது எப்படித் தெரியும்? கூச்சல் கிளம்பியது. "மால எனக்கு. இல்லன்னா காசு கெடையாது!" என்றார் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி முதலாளி. நடிகர் மாலையைக் கீழே வைத்துவிட்டு, "எல்லாவற்றையும் ரத்து செய்துவிடலாமே" என்றார்.

அவ்வளவுதான், பள்ளிக்கூடம் போயிற்று என்று நினைத்தேன்.

லூர்தம்மா டீச்சர் எழுந்தார்.

"ரத்தெல்லாம் கெடையாது! வெரலப் பிடிச்சிட்டுப் பேச்சு மாறுவீங்களா? மாட்டுச் சந்தையில மாறுவீங்களா? ஏம்பா ஏழுமல, இங்க வா!"

ஓர் இளம் விவசாயி நெளிந்துகொண்டு வந்தார்.

"நான் சும்மா கையத் தொட்டுப் பாக்கத்தான் வந்தேன், டீச்சரம்மா..."

"தொட்டியா?"

"தொட்டேன்."

"எத்தினி வெரலு?"

"மூணு."

"குடு."

கொடுத்தார்! மைதானம் சிரிப்பில் அதிர்ந்தது. அப்புறம் மடிகள் தாமாக அவிழ்ந்தன. முதலாளி மட்டும் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னா மொதலாளி, மண்டியிலயும் இப்படித்தானா?" விருட்டென்று எழுந்துபோய், இரண்டு கை விரல்களுக்கும் சேர்த்துப் பத்து ரூபாயை வைத்துவிட்டு வந்தார்.

ஓட்டுக்கு மட்டுமல்ல, விட்டத்துக்கும் சேர்ந்துவிட்டது. டீச்சர் சிரித்தார், அழுதார், இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார். மாலையை மறுபடி நடிகர் கழுத்திலேயே போட்டார். இத்தனை பேர் வாங்கிய மாலையை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நட்சத்திரத்தின் புகழால் பள்ளிக்கூடம் எழுந்தது என்று பத்திரிகைகள் எழுதும். எழுதட்டும். புகழ் கூட்டத்தைக் கூட்டியது, உண்மை. ஆனால் ஓடு வாங்கித் தந்தது, பிடித்த விரலுக்குப் பொய் சொல்லத் தெரியாத ஒரு சந்தை.

நான் எத்தனை விரல் பிடித்தேன் என்றா கேட்கிறீர்கள்? அது துண்டுக்குள் நடந்த விஷயம், ஐயா!