மெலிவதற்கு ஒரு மாவு

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்ததும் பெற்றீசியா தட்டுகளை உடனே கழுவப் போடமாட்டாள். ஒவ்வொன்றையும் விரலால் வழித்து, மிச்சச் சோற்றை நின்றபடியே வாயில் போட்டுக்கொள்வாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆயம்மாவாக வந்த காலத்திலிருந்து இதே வழக்கம். "எச்சின்னு பாத்தா பசி அடங்குமா?" என்பாள். தனக்கென்று தட்டு வைத்து அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போனது.

இப்போது தொப்புளில் குடல் இறங்கியிருக்கிறது. ஒப்பரேஷன் செய்தால் சரியாகும். ஆனால் இத்தனை பாரத்தோடு மயக்கமருந்து கொடுக்க முடியாது என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே மோசம் என்றும் சொன்னார். அதனால் சோறு, ரொட்டி எதுவும் கிடையாது. ஆஸ்பத்திரியில் தரும் மாவைத் தண்ணீரில் கரைத்து வேளைக்கு ஒரு பாக்கெட் குடிக்க வேண்டும். வாராவாரம் போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்து, தராசில் ஏறி இறங்க வேண்டும்.

லயத்து வீடுகளில் சிரித்தார்கள். இங்கே கிளினிக்கில் மாவு கொடுத்தால் அது திரிபோஷாதான். நோஞ்சான் பிள்ளை தேறுவதற்கும் பிள்ளைத்தாச்சிக்குத் தெம்பு வருவதற்கும் கொடுப்பது.

"ஏன் ஆயம்மா, ஊரெல்லாம் மாவு தின்னு கொழுக்குது. நீங்க மட்டும் மெலியப் போறீங்களா?" என்றாள் கொழுந்துக்காரி கிருஷாந்தி.

"ஒம் மாமியாளுக்கும் ஒரு பாக்கெட் தாரேன், குடு. வாயாச்சும் மெலியட்டும்."

கிருஷாந்தியின் கடைசிப் பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தது. பெற்றீசியா தம்ளரை எடுத்தால் வந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சத்தெல்லாம் இதில்தானே இருக்கிறது என்று பாதியை அதற்குப் புகட்டினாள். பிறகு முழுவதையும். தனக்கு வெறுந்தேத்தண்ணீர். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கி நக்கிக் குடிப்பாள். தேத்தண்ணீரை யார் சாப்பாட்டில் சேர்த்தார்கள்?

அடுத்த கிளினிக்குக்கு முன்பே ஒரு காலை தொட்டிலடியில் மயங்கி விழுந்தாள். அதற்கு முதல்நாளே பிள்ளைக்கு வயிற்றோட்டம் தொடங்கியிருந்தது.

"அது மெலியிறவங்களுக்குன்னு அளந்து செஞ்ச மாவு. பச்சப்புள்ளைக்குக் குடுக்கலாமா?" என்று ஆஸ்பத்திரியில் தாதி கேத்ரின் கத்தினாள். "ஒங்களுக்கு அது ஒன்னுதான் சாப்பாடு. அதையும் விட்டா நெஞ்சு நின்னுபோகும்."

"புள்ள பாத்துக்கிட்டே நிக்குது மிஸ்ஸி. நா மட்டும் எப்பிடிக் குடிக்கிறது?"

"அப்ப பாக்காத எடத்துல குடிங்க."

ஒப்பரேஷன் தள்ளிப்போனது. பிள்ளைக்கு வயிறு சரியாகிவிட்டது. ஆனால் கிருஷாந்தி அதைக் காம்பராவுக்குக் கொண்டுவருவதில்லை. வழியில் கண்டாலும் பேச்சில்லை.

இப்போதெல்லாம் பெற்றீசியா தம்ளரோடு வெளியே போய், மழையென்றாலும் காம்பராவின் பின்சுவரைப் பார்த்து நின்று குடிக்கிறாள். உள்ளே பிள்ளைகள் அழுதாலும் தம்ளர் காலியாகும்வரை திரும்புவதில்லை. புதுத் தேதி இன்னும் கிடைக்கவில்லை.