அட்டையில் எழுதிய வயது

முதலில் வந்தது அரிப்பு. பின்மண்டையில், சட்டைக் காலருக்கு மூன்று விரல் மேலே. முடி நடும் அறுவைச் சிகிச்சை முடிந்து ஏழாவது வாரம். தாம்பரத்தில் நான் கணக்கு நடத்திய பள்ளியில், கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதும்போது கை தானாகப் பின்னால் போனது. விரலுக்குக் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. ஒன்றல்ல, வரிசையாக. வகுப்பு திடீரென்று அமைதியாகிவிட்டது. கணக்கு புரிந்ததால் அல்ல.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. இருபத்திரண்டு வயதிலேயே என் முன்னந்தலை காலியாகிவிட்டது. மின்சார ரயிலில் என்னைவிட மூத்தவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். பல்லாவரத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், பெண்ணின் தகப்பனார் என்னை உட்காரவைத்து, மாப்பிள்ளை எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டார். அதற்குப் பிறகுதான், வெளிநாட்டில் படித்துவிட்டு நகரத்தில் முடி நடும் ஒரு டாக்டரைத் தேடிப் போனேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு.

முறை இதுதான். பின்மண்டையிலிருந்து முடியோடு தோலைச் சிறு சிறு வட்டங்களாக எடுத்து, முன்னந்தலையில் குழி செய்து பதிப்பார்கள். எடுத்த இடத்துக்குத் தையல் கிடையாது. தானாக ஆறித் தழும்பாகும், சுற்றியுள்ள முடி அதை மறைத்துவிடும் என்றார் டாக்டர். அதே நாளில் எனக்கு முன்னால் குரோம்பேட்டைக்காரர் ஒருவர் செய்துகொண்டார். ரயில்வேயில் அதிகாரி, ஐம்பதைத் தாண்டியவர்.

மூன்றாம் மாதம் அவரை அதே ஆஸ்பத்திரி வராண்டாவில் பார்த்தேன். கேட்டதும் தயங்காமல் தலையைக் குனிந்து காட்டினார். வெளுத்த, தட்டையான சிறு வட்டங்கள். தடவினால்கூடத் தெரியவில்லை. என் தலையிலோ ஒவ்வொரு வட்டமும் சிவந்து, புடைத்து, பக்கத்து வட்டத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது. கீலாய்டு (காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் தழும்பு) என்று டாக்டர் சொன்னார். என் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"முப்பத்தெட்டு வயசுல இவ்வளவு தடிக்கறது கொஞ்சம் ஆச்சரியம்தான்" என்றார்.

எனக்கு இருபத்து நான்கு என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

முப்பத்தெட்டு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் அட்டை எழுதிய கம்பவுண்டர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பிறகு என் தலையைப் பார்த்தார். "கொயந்தைங்க எத்தினி சார்?" என்றார். இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்றேன். பாவம் என்பதுபோல் மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வயதைக் கேட்கவே இல்லை. அந்த அட்டையை அறைக்கு அறை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். முப்பத்தெட்டு என்று படித்தேன். இருபத்து நான்கு என்று சொன்னால் நம்பமாட்டார்கள், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். என் தப்பு அவ்வளவுதான். அதற்காக மற்றவர்களின் தப்பைக் குறைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

அடுத்த வாரம் என் கூடப்பிறந்த கிரேஸ் அக்கா என்னோடு வந்தாள். பைபிளுக்குள் வைத்திருந்த, பிறந்த தேதி போட்ட என் ஞானஸ்நானச் சான்றிதழை டாக்டரின் மேசைமேல் விரித்தாள். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு விளக்கினார். இளம் தோல் இறுக்கமானது, காயத்தை மூட வேகமாகச் சதையைக் குவிக்கும், தழும்பு தடிக்க வாய்ப்பு அதிகம். வயதானவர் தோல் மெதுவாக ஆறும், ஆனால் பெரும்பாலும் தட்டையாக ஆறும். அதோடு, இந்த வயதில் வழுக்கை நிற்காது, தழும்பை மறைக்கும் முடியும் நாளைக்கு உதிரலாம்.

"வயசு தெரிஞ்சிருந்தா முதல்ல ரெண்டே வட்டம் எடுத்துட்டு ஆறு மாசம் பார்த்திருப்பேன். நீங்க சொல்லியிருக்கலாமே" என்றார்.

"நீங்க கேட்டிருக்கலாமே டாக்டர்" என்றாள் அக்கா. "ரெண்டு வட்டத்தோட போயிருக்கும்."

அவர் தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி (தடிப்பைக் கரைக்கும் மருந்து) போட ஆரம்பித்தார். ஒவ்வொரு ஊசிக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அரிப்பு நின்றது, தடிப்பு பாதிதான் இறங்கியது. முப்பது வயதுக்குள் முன்னால் நட்ட முடியோடு பின்முடியும் மெலிந்து, வட்டங்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. எனக்குக் கல்யாணம் நடந்தது, தலையைப் பற்றிக் கேள்வி கேட்காத ஒரு வீட்டில்.

இதே அறுவைக்குப் போகும் இளைஞர்களே, வயதைக் கேட்காவிட்டாலும் சத்தமாகச் சொல்லுங்கள். முதலில் சிறிது செய்து, காத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள். நாலு பேர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

இந்த வருடம் எனக்கு முப்பத்தெட்டு. சவரம் செய்யும்போது கை தற்செயலாகப் பின்னால் போனால், தழும்புகள் வெளுத்து, கொஞ்சம் தணிந்திருப்பது தெரிகிறது. அன்று அந்த அட்டை சொன்ன மனிதனாக இப்போதுதான் ஆகியிருக்கிறேன். பதினான்கு வருடம் முன்னதாகவே என்னை அறுத்துவிட்டார்கள்.

போன மாதம் பல்வலிக்காக மேடவாக்கத்தில் ஒரு டாக்டரிடம் போனேன். அட்டை எழுதியவர் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், என் தலையைப் பார்த்தார், ஐம்பது என்று எழுதினார். நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கினேன். ஐம்பதை அடித்துவிட்டு முப்பத்தெட்டு என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.