மெதுவா மெதுவா என்று பழகிய கை

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை. தாயில்பட்டிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தில்தான் இந்தக் கூத்து நடந்தது.

நான் பட்டாசுக் கம்பெனியில் திரி சொருகுகிறவள். என் மகள் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கிறாள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். "உனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியுமா, சீப்புப் பிடிக்கத்தான் தெரியுமா?" என்று பையன்கள் கேலி செய்திருக்கிறார்கள். இவளுக்கு ரோஷம் வந்து, ஐ.டி.ஐ. பூஜையில் தன் கையால் செய்த சுத்தியலைத்தான் வைப்பேன் என்று சவால் விட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த வாய் யாரிடமிருந்து வந்தது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். விடிந்தால் பூஜை. சீசன் நேரம், எனக்கும் அன்றைக்கு ஒருநாள்தான் லீவு.

பழைய இரும்புக் கடையில் லாரி ஆக்சில் துண்டு ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அடிப்பதற்கு அடியில் போட ஒரு தண்டவாளத் துண்டு, இரவல் வாங்கிய சம்மட்டி, கருவேலங்கரி, தூசி ஊதுகிற புளோயர். செங்கல்லை அடுக்கி உலையும் கட்டிவிட்டாள். நான் தலைக்குக் குளித்து, மருந்துத் தூள் படாத சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன். போனதும் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தேன். பிறகு தண்டவாளத்தை உள்ளங்கையால் ஒருமுறை தொட்டேன். கம்பெனியில் அறைக்குள் நுழையும்போது வெறுங்காலோடு வந்து, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவோம். உடம்பில் ஏறியிருக்கும் கரண்ட் இறங்குவதற்காக. அந்தப் பழக்கம் கை காலில் ஊறிக் கிடக்கிறது.

"யம்மா, கம்பெனிக்கா வந்திருக்க? தீக்கங்கு கால்ல விழுந்தா தெரியும். மொதல்ல செருப்பைப் போடு!" என்று கத்தினாள்.

வேலை இதுதான். பழுத்த இரும்பை அவள் இடுக்கியில் பிடித்து, மேலே உளியை வைப்பாள். நான் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டும். அப்போதுதான் கைப்பிடி போடுவதற்கு ஓட்டை விழும். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கினேன். தூக்கியதெல்லாம் சரி, இறங்கும்போது கை தானாக மெதுவாகிவிட்டது. சம்மட்டி பூ மாதிரி உளிமேல் போய் உட்கார்ந்தது. எங்கள் வேலையில் இரும்போடு இரும்பு உரசவே கூடாது, ஒரு பொறி பறந்தால் மருந்து பற்றிக்கொள்ளும். எதையும் போடக்கூடாது, வைக்கத்தான் வேண்டும். பத்தொன்பது வயதில் அங்கே போனவள் நான். கை வேறு எதைக் கற்றிருக்கும்?

"இரும்பை அடிக்கச் சொன்னா தொட்டில் பிள்ளையத் தட்டுற மாதிரி தட்டுறியேம்மா!"

மறுபடி காய்ச்சினோம். மறுபடி தட்டினேன். மதியம் தாண்டியும் நகம் போகிற ஆழம்கூட ஓட்டை விழவில்லை. மகள் இடுக்கியைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் திட்டியபோது வராத கலக்கம், அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது. என் கையால் இந்தப் பிள்ளை நாளைக்குத் தலைகுனிந்து நிற்கப் போகிறதே!

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு மதினி இரண்டு வாளி மணலோடு ஓடி வந்தார். எங்கள் கம்பெனியில்தான் அவரும் சரம் பின்னுகிறார். பின்னால் தெருப் பெண்கள் நாலைந்து பேர். எங்கள் பக்கம் வீட்டுக்குப் பின்னால் புகை தெரிந்தால், யாரோ வீட்டில் வைத்திருந்த பட்டாசு மருந்து பற்றிக்கொண்டது என்றுதான் நினைப்பார்கள்; யாரும் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார்கள். மதினி இரண்டு வாளியையும் உலைமேல் கவிழ்த்த பிறகுதான், "ஏத்தா, வீட்ல என்னத்த வச்சிருக்கீக?" என்று கேட்டார்.

உலை அணைந்தது. மகள் கேவிக் கேவி அழுதுவிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் மதினிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இம்புட்டுத்தானா? அழாத தாயி, கொண்டா அந்தச் சம்மட்டிய" என்று உலைமேல் கிடந்த மணலைத் திரும்ப வாளியில் அள்ளிவிட்டு உலையை மறுபடி மூட்டவைத்தார். இரும்பு சிவந்தது. மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சம்மட்டியைத் தூக்கினார். இறக்கினார். என்னைவிட மெதுவாக!

 அப்போது சிரித்தோம் பாருங்கள், மகள் அழுத கண்ணோடு சிரித்தாள். மதினி சம்மட்டியை என்னிடம் நீட்டி, "ஏத்தா, காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் மெதுவா, மெதுவான்னு ஒரு குரல் கேக்குமே, நம்ம ஃபோர்மேன், அவர நெனச்சுக்கிட்டு ஒரு போடு போடு" என்றார்.

போட்டேன். ணங்கென்று சத்தம். பொறி நாலாபக்கமும் தெறித்தது. அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் குதித்தோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ஒண்ணும் ஆகல!" என்று மதினி கத்தினார்.

அவ்வளவுதான். எனக்குக் கொடு, உனக்குக் கொடு என்று சம்மட்டிக்குப் போட்டி வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு அடி, அடிக்கு ஒரு சிரிப்பு. வெயில் சாய்வதற்குள் ஓட்டை அந்தப் பக்கம் வந்துவிட்டது. மகள் அதை அடித்து வடிவம் கொண்டுவந்து, ஆறவிட்டு, அரம் போட்டு, மறுபடி சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாள். குப்பென்று புகை எழுந்தது. மதினி மட்டும் ஒரு வாளி மணலைத் தூக்கிக்கொண்டு வந்து, புகை அடங்கும்வரை அதைக் கீழே வைக்கவில்லை.

மறுநாள் ஐ.டி.ஐ. பூஜையில் சந்தனம் குங்குமத்தோடு அந்தச் சுத்தியல் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போனில் அனுப்பிவிட்டு, கூப்பிட்டும் பேசினாள். ஒரு பக்கம் லேசாகக் கோணல்தான். கேலி செய்த பையன்களே அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்களாம். யார் அடித்துக் கொடுத்தது என்று சார் கேட்டாராம். "எங்கம்மாவும் எங்க தெருவும்" என்றாளாம். அந்த இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இன்றைக்கும் செருப்பைக் கழற்றிவிட்டு, தகட்டைத் தொட்டுவிட்டு, எல்லாவற்றையும் மெதுவாகத்தான் எடுத்து வைக்கிறேன், அப்படித்தான் வைக்கவும் வேண்டும். ஆனால் ஃபோர்மேன் "மெதுவா" என்று குரல் கொடுக்கும்போதெல்லாம் மதினியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்கிறோம், ஓங்கி அடிக்கவும் இந்தக் கைக்குத் தெரியும் என்பது அந்த அறையில் எங்களுக்கு மட்டும்தானே தெரியும்.