கடல் கடந்த குற்றங்களும் கண்டிச் சட்டத்தரணியும்

கண்டியில் சட்டத்தரணித் தொழில் என்றால் காணித் தகராறும் விவாகரத்தும்தான் என்று நம்பிப் படித்தவள் நான். இப்போது வருகிறவர்கள் காணி உறுதிப் பத்திரத்தை அல்ல, போனைத்தான் மேசையில் வைக்கிறார்கள். முகம் தெரியாத யாராலோ போன் வழியாக அவதிப்பட்டிருந்தால் உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது.

சுற்று வழி

குண்டசாலையிலிருந்து வந்த டீச்சர் ஒருவரின் பெயரிலும் படத்திலும் யாரோ போலிக் கணக்குத் திறந்து, மாணவர்களின் பெற்றோரை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியவில்லை என்று அழுதார். கணக்கைத் திறந்தது யார் என்ற விவரமெல்லாம் அமெரிக்கக் கம்பனி ஒன்றிடம் இருந்தது. பொலிஸார் எழுதிக் கேட்டு, பதில் வர மாதக்கணக்கானது. கடைசியில் ஆள் அகப்பட்டான். டீச்சர் கேட்டார்: "அடுத்த தெருவுல இருக்கிறவன புடிக்க அமெரிக்கா வழியாவா சுத்தி வரணும் மிஸ்?"

பாஸ்வேர்ட்

மஹய்யாவையிலிருந்து வந்த செல்வம் ஓர் அரசியல்வாதியின் பேச்சைக் கிண்டல் செய்து முகநூலில் எழுதினான். விசாரணைக்கு அழைத்த பொலிஸ் அதிகாரி அவனுடைய போன் பாஸ்வேர்டைக் கேட்டார். கூடப் போயிருந்த நான், கிண்டல் குற்றமல்ல, போனைத் திறக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றேன். மேலதிகாரியிடம் பேசிவிட்டு வருவதாக அவர் உள்ளே போனார். செல்வம் போனைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினான். திரும்பி வந்தவர், "சரி, போகலாம்" என்றார்.

வெளியே வந்ததும் செல்வத்தின் அம்மா என் காதோரம் சொன்னார்: "எனக்கும் அப்பிடி ஒரு உத்தரவு எடுத்துத் தாங்க மிஸ், அந்தப் போன்ல என்னா இருக்குன்னு நானும் பாக்கணும்."

ஹாய் டியர்

அக்குறணை ரிஸ்வான் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பி வெளிநாடு போனவன். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஒரு கட்டடத்தில் அடைத்து, முன்பின் தெரியாதவர்களுக்குக் காதல் மெசேஜ் அனுப்பிப் பணம் கறக்க வைத்தார்கள். யாரும் சிக்காத நாளில் அடியும் பட்டினியும். மீட்கப்பட்டு ஊர் வந்தும், மோசடிக்காரன் என்று தன்னைப் பிடித்துவிடுவார்களோ என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தான். அடித்துச் செய்ய வைத்த குற்றத்துக்கு அவன் குற்றவாளியல்ல என்று நான் சொன்னதை நம்பவே அவனுக்கு நாளாயிற்று. ஒருவழியாகப் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தான். பாதிக்கப்பட்டவன் என்றே பதிந்துகொண்டார்கள்.

பிறகு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அந்நேரம் என் போனுக்குத் தெரியாத எண்ணிலிருந்து "ஹாய் டியர்" என்று ஒரு மெசேஜ். எரிச்சலோடு அழிக்கப் போனேன். எட்டிப் பார்த்த ரிஸ்வான் சொன்னான்: "பாவம் மிஸ், இத அனுப்புறவன் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டான்."

குற்றம் நொடியில் கடல் தாண்டிவிடுகிறது, சட்டமோ நெரிசல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு பின்னால் வருகிறது, அதற்கு இடம் பிடித்துக் கொடுப்பதுதான் இப்போது என் தொழில்.