அப்பா கேட்ட பின்னிருக்கை

செருப்புக் கடைக்குள் நுழைந்ததும் புதுத் தோலின் வாசனை. அவ்வளவுதான், என் கால் அளவே மறந்துபோய் நின்றேன். அக்காவின் காருக்குள் அன்று இருந்ததும் இதே வாசனை. அதன்மேல் அப்பாவின் முழங்காலில் தேய்த்திருந்த தைலத்தின் நெடி.

அக்கா கோலாலம்பூரில் வழக்கறிஞர். ஐம்பது வயதில் தனக்கென்று அவள் வாங்கிக்கொண்ட ஒரே ஆடம்பரம் அந்தக் கார். இரண்டு கதவு, நான்கு இருக்கை, நான்கு சக்கரத்துக்கும் இழுவை, தரையோடு பதுங்கிய உடம்பு. "மழையில வழுக்காது, சாமான் வைக்க எடம் இருக்கு, குடும்பத்துக்கு ஏத்த காடி லா" என்று போனில் சொன்னாள். அவளுக்குக் குடும்பம் என்றால் அப்பாவும் நானும்தான்.

என் பழைய நான்கு கதவுக் காரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, அக்காவின் அந்தக் காரில்தான் அப்பாவைத் தாசேக் கெலுகோரில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டோம். சுங்கை பினாங்கில் என் வீடு ஏழாவது மாடி. மின்தூக்கி மாதக்கணக்காக ஓடவில்லை. நான் தொழிற்சாலைக்குப் போயிருந்த நேரத்தில் இரண்டு முறை விழுந்துவிட்டார். "கொஞ்ச நாளைக்குத்தாம்பா, அப்புறம் கூட்டிக்கிறேன்" என்று அவரிடம் சொன்னது நான். கூட்டிவரப் போவதில்லை என்று எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

அன்று அவரைப் படிகளில் தாங்கிக் கீழே இறக்கியதும், அக்கா கார்க் கதவைத் திறந்து முன் இருக்கையைக் காட்டினாள். அப்பா அசையவில்லை.

"நான் பின்னால உக்கார்றேன்."

"பின்னால நுழையவே கஷ்டம்பா. இதுல முன்னாலதான் நல்ல சீட்டு."

"எனக்கே சொல்லித் தர்றியா? முப்பது வருசம் தவுக்கேக்குக் காடி ஓட்டுனேன். அந்த மொதலாளி ஒரு நாளாச்சும் முன்னால உக்காந்தாரா?"

"இது ஸ்போர்ட்ஸ் காடிப்பா!"

"இருக்கட்டும். இன்னிக்கு நீதான் டிரைவரு."

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு மறுக்க முடியவில்லை. முன் இருக்கையை மடக்கி, தலை, தோள், கடைசியில் கால்கள் என்று அவரை உள்ளே நுழைத்தோம். முழங்கால்கள் நெஞ்சுக்கு ஏறின. சலவைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "சொகமா இருக்கு" என்றார்.

தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கடற்பாலத்தில் மழை பிடித்தது. கடலும் வானமும் ஒரே சாம்பல். லாரிகள்கூட எங்களை முந்திப் போயின. "என்னம்மா, இவ்ளோ பெரிய இஞ்சின வச்சுக்கிட்டு மாட்டு வண்டியா ஓட்டுற?" என்றார் அப்பா. அக்கா அப்போதும் வேகமெடுக்கவில்லை.

செம்பனை மரத் தோட்டங்களுக்கு நடுவே அந்த இல்லம். பணிப்பெண் சக்கர நாற்காலியோடு வந்து நின்றாள். அப்பாவால் இறங்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், அக்கா அந்தப் பக்கத்துக் கதவு வழியாக முதுகைத் தள்ளினாள். பிள்ளைகள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவரை வெளியேற்றிக்கொண்டிருந்தோம். வேறு எப்படிச் சொல்வது?

"இரு, இரு. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கேன்" என்றார்.

அக்கா காரின் கூரைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். "திருப்பிக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"ஏழு மாடிக்கா" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். இரண்டு கதவும் திறந்து கிடந்தன. அப்பாவுக்குக் கேட்காமல் இருந்திருக்காது.

அவரே கையை நீட்டினார். இந்த முறை வெளியே வந்துவிட்டார். நாற்காலியில் உட்கார்ந்ததும் கசங்கிய சட்டையை உள்ளங்கையால் நீவினார். பணிப்பெண் தள்ளத் தொடங்கினாள். வாசற்படியருகே நிறுத்தச் சொல்லி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, கூட்டிட்டுப் போக வர்றப்ப இந்தக் காடி வேணாம். உன் ஓட்டக் காடியிலயே வா. அதுல நானே ஏறிக்குவேன்."